காற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள்

போன கோடை விடுமுறைக்குப் பாரிசிலிருந்து பேரன் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாளே என் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியில் கொண்டுவந்த ஒரு கைப்பிடியை அதில் சொருகி, போர் விமானம் ஓட்ட ஆரம்பித்துவிட்டான். எஃப்-16 என்ற அமெரிக்க விமானம். ஒரு நாள் மத்தியானம் காப்பி கொடுக்கப் போனேன். திரையில் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னே போகவில்லை. உயரம் காட்டும் எண் மட்டும் மளமளவென்று இறங்குகிறது. இவனோ கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா இது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி?" என்றேன்.

"டீப் ஸ்டால், தாத்தா. இப்படி ஆட்டினால்தான் வெளியே வரும். நிஜ விமானத்திலும் இப்படித்தான் செய்வார்கள்."

"நிஜ விமானம் இப்படி விழும் என்று இந்தப் பெட்டிக்கு யார் சொன்னது?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான், கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. மூன்று மாதம் படித்ததன் பலன்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் எனக்குத் தெரிந்த மனிதரிடமே இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் யாரும் கிஸ்தாவ் ஈஃபெல் பெயரைத் தப்பிக்க முடியாது. 1889, 300 மீட்டர், இரும்பு என்று ஒப்பித்தோம். ஆனால் கோபுரம் கட்டிய பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்று எங்கள் ஆசிரியர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கோபுரத்துக்குப் பின் அவருக்கு வந்தது பனாமா கால்வாய் வழக்கு. 1893-ல் இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்றாலும், மனிதர் தொழிலை விட்டே ஒதுங்கிவிட்டார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அதன் பிறகுதான் அவர் காற்றைப் படிக்க உட்கார்ந்தார்.

கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து செங்குத்தாக ஒரு கம்பி கட்டினார். அதை ஒட்டி, தட்டையான பலகைகளைப் பொருத்திய ஒரு கருவியை 115 மீட்டர் கீழே விழவிட்டார். விழும்போது காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அந்தக் கருவியே பதிவு செய்யும். 1903 முதல் சில ஆண்டுகள் இதே வேலை. ஆனால் விழுகிற பொருளை நின்று நிதானமாகப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே 1909-ல் கோபுரத்தின் காலடியிலேயே ஒரு கொட்டகை போட்டு, பெரிய மின்விசிறியால் காற்றை இழுத்து, அந்த ஓட்டத்தில் இறக்கையின் சிறு மாதிரியைத் தொங்கவிட்டார். விமானம் காற்றில் போனாலும், நிற்கிற விமானத்தின் மேல் காற்று போனாலும் விசை ஒன்றுதான். இதுதான் காற்றுச் சுரங்கம். அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல வரவில்லை. ரைட் சகோதரர்கள் 1901-லேயே ஒரு மரப்பெட்டியில் இதைச் செய்துவிட்டார்கள். ஆனால் இறக்கையின் மேற்பரப்பில் காற்று மேலே இழுப்பது, அடியிலிருந்து தள்ளுவதைவிட அதிகம் என்று அங்குலம் அங்குலமாக அளந்து காட்டியவர் ஈஃபெல். 1912-ல் ஓத்தேய் பகுதிக்குச் சுரங்கத்தை மாற்றினார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஒரு சாதாரண உருண்டையைக் காற்று எவ்வளவு எதிர்க்கும் என்று ஈஃபெலும் அளந்தார், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் லுட்விக் பிராண்டிலின் ஆய்வுக்கூடத்தாரும் அளந்தார்கள். ஜெர்மன் கணக்கு ஈஃபெலின் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர் கணக்கில் எங்கேயோ ஒரு இரண்டை விட்டுவிட்டார் என்று கோட்டிங்கனில் நினைத்தார்கள். ஈஃபெலுக்கு அது சுருக்கென்று தைத்தது. கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவதோடு நிற்காமல், வெவ்வேறு வேகங்களில் திரும்பத் திரும்ப உருண்டைகளை அளந்தார். 1912-ல் விடை கிடைத்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி! காற்றின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உருண்டையின் எதிர்ப்பு திடீரென்று பாதிக்கும் கீழே சரிகிறது. கோட்டிங்கன்காரர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் அளந்தார்கள், ஈஃபெல் அந்தப் பக்கம். உருண்டையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் கொந்தளிப்பாக மாறினால் பரப்பை விட்டு விலகாமல் அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போகும், அதனால்தான் இது நடக்கிறது என்று பிராண்டில் 1914-ல் விளக்கினார். உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையத்தைக் கட்டி, குறைந்த வேகத்திலேயே அதை நிகழ்த்திக் காட்டினார்.

இரண்டு சுரங்கங்கள் இரண்டு எண் சொன்னால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டு கழித்து இதே சங்கடம் வேறு உருவத்தில் வரப்போகிறது.

இனி சிமுலேட்டர். அதாவது, தரையில் உட்கார்ந்தபடி பறக்கப் பழகும் கருவி. இதற்கும் பிரான்சில்தான் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1910 வாக்கில் அந்துவானெத் விமானம் ஓட்டக் கற்றவர்களை ஒரு பீப்பாயின் பாதியில் உட்காரவைத்து, வெளியே ஆட்கள் நின்று கழிகளைப் பிடித்து ஆட்டுவார்கள். மாணவன் சக்கரங்களைத் திருப்பி அதை நேராக நிறுத்த வேண்டும். படத்தைப் பார்த்தால் நம் ஊர்த் திருவிழா ராட்டினம்போல் இருக்கும். சிரிக்கலாம், ஆனால் கீழே விழுந்தால் உயிர் போகாது.

அடுத்து எட்வின் லிங்க். அமெரிக்கர். அவர் அப்பா தேவாலயங்களுக்கும் சினிமாக் கொட்டகைகளுக்கும் ஆர்கன் வாத்தியம் செய்தவர். அந்த வாத்தியத்துக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே 1929-ல் லிங்க் ஒரு குட்டி விமானத்தை ஆட்டிக் காட்டினார். பிரெஞ்சில் ஆர்கனின் துருத்தி அமைப்பையும் 'சூஃப்ளெரி' என்பார்கள், காற்றுச் சுரங்கத்தையும் 'சூஃப்ளெரி' என்பார்கள். ஒரே சொல். ஆனால் அந்த நாளில் இந்த இரண்டு சூஃப்ளெரிகளுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. லிங்கின் கருவி சாய்ந்தது, திரும்பியது, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுத்தது. 1934-ல் தபால் விமானிகள் பலர் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகு, அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது. உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அதில் பழகினார்கள். அது நல்ல வாத்தியார், சந்தேகமில்லை. ஆனால் அது எந்த ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் போலவும் நடந்துகொள்ளவில்லை. பொதுவாக 'விமானம்' என்ற ஒன்றைப் போல நடித்தது, அவ்வளவுதான்.

அந்தக் குறையைக் கண்டவர் அமெரிக்கக் கடற்படையின் கேப்டன் லூயி டி ஃப்ளோரெஸ். ஒரு விமானத்தின் காற்றுச் சுரங்க எண்களைக் கருவியில் போட்டால், அந்தக் கருவி அந்த விமானமாகவே மாறவேண்டும். வேறு எண்களைப் போட்டால் வேறு விமானமாக மாறவேண்டும். இன்னும் கட்டாத விமானத்தையும் இப்படி ஓட்டிப் பார்த்துவிடலாமே, என்பது அவர் யோசனை. 1944-ன் கடைசியில் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யிடம் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல!) இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் ஜே ஃபாரெஸ்டர் என்ற இளைஞர். விமானி கைப்பிடியை அசைத்த மாத்திரத்தில் கருவி பதில் சொல்ல வேண்டும், அதற்குள் அத்தனை சமன்பாடுகளையும் போட்டு முடிக்க வேண்டும். அன்றைக்கு இருந்த எந்தக் கருவிக்கும் அந்த வேகம் இல்லை. ஆகவே, அவர் அதற்கென்றே ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டரைக் கட்டத் தொடங்கினார். அதன் பெயர் வேர்ல்விண்ட், அதாவது சூறாவளி. கம்ப்யூட்டர் வளர்ந்தது, விமானம் தேய்ந்தது. 1948-ல் விமானி உட்காரும் கூண்டையே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்! பிறகு அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க வான் பாதுகாப்புக்குப் போனது. காந்த வளைய நினைவகம் அதில்தான் வேலை செய்து பெயர் பெற்றது. கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆரம்பித்து, பந்தல்காரன் பெரிய பணக்காரனாகி, கல்யாணம் மட்டும் நடக்காமல் போன கதை. ஆனால் டி ஃப்ளோரெஸின் யோசனை சாகவில்லை. கம்ப்யூட்டர்கள் மலிந்த பிறகு எல்லாச் சிமுலேட்டர்களும் அந்த வழிக்கே வந்தன.

அந்த எண்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு குமாஸ்தாவுக்கு இதில்தான் ருசி. விமானத்தின் சிறு மாதிரியை ஒரு தண்டின் நுனியில் பொருத்தி, சுரங்கத்தில் நிறுத்துகிறார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு தராசு இருக்கும். நம் கடைத் தராசு ஒன்றைத்தான் சொல்லும். இது ஆறு சொல்லும்: மேலே, பின்னே, பக்கவாட்டில் என்று மூன்று விசைகள், மூக்கைத் தூக்குவது, பக்கம் திருப்புவது, உருட்டுவது என்று மூன்று திருக்குகள். இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணத்தைத் தாக்கு கோணம் என்கிறார்கள். அதை ஐந்து டிகிரியில் வைத்து அளக்க வேண்டும், பத்தில் வைத்து அளக்க வேண்டும், இப்படி ஏறிக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் பக்கவாட்டுச் சாய்வை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். வால் பலகை மேலே, கீழே, நடுவில். சுக்கான் இடம், வலம். ஒவ்வொன்றுக்கும் மறுபடி முதலிலிருந்து. மாதிரியை மோட்டாரால் ஆட்டியும் சுழற்றியும், ஆட்டத்தைக் காற்று எவ்வளவு அடக்குகிறது என்று தனியே அளக்க வேண்டும். எல்லாம் அட்டவணை அட்டவணையாகப் போகிறது. சிமுலேட்டர் செய்வது என்ன? நொடிக்குப் பல தடவை, "இப்போது கோணம் இவ்வளவு, வால் இப்படி, அப்படியானால் திருக்கு எவ்வளவு?" என்று பதிவேட்டைப் புரட்டுகிறது. இரண்டு வரிகளுக்கு நடுவில் விழுந்தால் விகிதம் போட்டு நிரப்புகிறது. பதிவேட்டில் இல்லாதது அதற்குத் தெரியாது. பதிவேட்டில் தப்பு இருந்தால், அதே தப்பைக் கூசாமல் செய்யும்.

இப்போது பேரனின் விமானத்துக்கு வருகிறேன்.

எஃப்-16 இன் முன்மாதிரி 1974-ல் பறந்தது. அதற்கு முந்தைய போர் விமானங்களைத் தானாகவே நேராக நிற்கும்படி வடிவமைப்பார்கள். கையை விட்டால் மூக்கு பழைய நிலைக்கு வரும். எஃப்-16-ல் வேண்டுமென்றே அந்தக் குணத்தைக் குறைத்துவிட்டார்கள். சட்டென்று திரும்புவதற்காக. நிலைநிறுத்தும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். விமானி எவ்வளவு இழுத்தாலும் தாக்கு கோணம் 25 டிகிரிக்கு மேல் போகாதபடி அதே கம்ப்யூட்டர் தடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வேலியைத் தாண்டிப் போய்விட்டால்?

வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே மாதிரிகளை 90 டிகிரி வரை, அதாவது விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு தொப்பென்று விழும் நிலை வரை, நிறுத்தி அளந்தார்கள். அந்த எண்களைத் தங்கள் சிமுலேட்டரில் போட்டார்கள். அது 40 அடி விட்டமுள்ள கோளம், நடுவில் விமானியின் கூண்டு, சுற்றிலும் வானம். அதில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு கெட்ட செய்திகள் வந்தன. குறைந்த வேகத்தில் வேகமாக உருண்டால், அந்த உருளலே மூக்கைத் தூக்கி வேலிக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. அப்பால் போனால், 60 டிகிரி அருகில் விமானம் சிக்கிக்கொள்கிறது. வால் பலகை முழுதாகத் தள்ளினாலும் மூக்கைக் கீழே இறக்கும் வலு போதவில்லை. மூக்கு மேலே, விமானம் நேர் கீழே. இதுதான் டீப் ஸ்டால்.

வேறு சுரங்கங்களில் எடுத்த எண்கள் அப்படிச் சொல்லவில்லை. லாங்லி மாதிரி சிறியது, அங்கே காற்று மெதுவானது, அளவு வித்தியாசத்தால் வந்த கோளாறாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். ஈஃபெலின் உருண்டையை அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். மாதிரியின் அளவும் காற்றின் வேகமும் மாறினால் எண்ணும் மாறும். நானும் அந்த மேசையில் இருந்திருந்தால் பெரும்பான்மை பக்கமே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனைப் பறப்பின்போது நிஜ விமானமே போய் அதில் சிக்கிக்கொண்டது. வாலில் அவசரத்துக்கென்று கட்டியிருந்த பாராசூட்டை விரித்துத்தான் மீள முடிந்தது. படையில் சேரும் விமானங்களில் அந்தப் பாராசூட் இருக்காது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் எல்.டி.சி.யாக ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஓர் ஏரிக்கரையைப் பழுது பார்க்க எஸ்டிமேட் தயாராகிக்கொண்டிருந்தது. கரையின் மட்டத்தை இரண்டு ஓவர்சியர்கள் வெவ்வேறு சமயத்தில் எடுத்திருந்தார்கள். ஒருவர் கணக்கில் கரை சீராக இருந்தது. மற்றவர், ஓய்வுபெறப் போகிற வயதானவர், மதகுக்குத் தெற்கே ஒரு துண்டு ஒரு முழம் இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் கணக்குதான் ஒதுக்கிய தொகைக்குப் பொருந்தியது. "இவர் கண்ணாடி மாற்ற வேண்டும்" என்று மேலே இருந்தவர் சிரித்துவிட்டு, இரண்டாம் தாளைக் கோப்பின் அடியில் போடச் சொன்னார். எஸ்டிமேட்டில் எண்களை எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். கார்த்திகை மழையில் கரை உடைந்தது, மதகுக்குத் தெற்கே. உயிர்ச்சேதம் இல்லை. நட்ட பயிர் எல்லாம் போயிற்று. பெரியவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, தம் தாளைக் காட்டச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு தடவை போய் மட்டம் பிடித்துப் பார்க்க அரை நாள் கூட ஆகியிருக்காது.

லாங்லிக்காரர்களின் தாள் கோப்பின் அடியில் கிடக்கவில்லை. விமானம் சிக்கிய பிறகு, வழி தேட அவர்களுடைய அட்டவணைகள்தான் உதவின. அதே கோளத்தில் விமானிகளை உட்காரவைத்து, திரும்பத் திரும்ப டீப் ஸ்டாலில் விழவைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊஞ்சலை ஒரே தள்ளில் விட்டம் வரை ஏற்ற முடியுமா? அது ஆடும் தாளத்துக்குத் தக்கபடி தள்ளினால், ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடக் கூடும். அப்படியே கைப்பிடியை விமானத்தின் ஆட்டத்தோடு சேர்த்து முன்னும் பின்னும் ஆட்டினால், மூக்கு ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, கடைசியில் எல்லையைத் தாண்டி விழுந்துவிடும். விமானம் மறுபடி பறக்கும். ஆனால் கம்ப்யூட்டர் நடுவில் நின்று விமானியின் கையைத் தடுக்கிறதே? அதற்காக ஒரு சுவிட்சு வைத்தார்கள். அதைப் பிடித்திருக்கும் வரை வால் பலகை விமானியின் கைக்கு முழுதாகக் கட்டுப்படும். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வால் பலகையையும் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாக்கினார்கள்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. அந்த ஆய்வை நாசா 1979-ல் அட்டவணைகளோடு அச்சிட்டு வெளியிட்டுவிட்டது. மைனஸ் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை, பக்கம் பக்கமாக எண்கள். போர் விமானத்தின் எண்களை யாராவது இப்படித் திறந்து வைப்பார்களா? வைத்தார்கள். அதைச் சுருக்கிப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். உலகம் முழுதும் விமானக் கட்டுப்பாடு படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதை வைத்துத்தான் பயிற்சி செய்கிறார்கள்.

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் 1967 முதல் வேலை செய்கிறது. தேஜஸும் எஃப்-16 போலத் தானாக நிற்காத வகைதான். 2001 ஜனவரி 4-ல் அது முதன்முதலாகப் பறப்பதற்கு முன்பே, விமானிகள் அதைத் தரையில் எத்தனையோ தடவை ஓட்டிவிட்டார்கள். அந்தக் கதையை எழுத எனக்கு இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.

கார்த்திகையில் பேரன் வீடியோவில் பேசினான். மூன்று மாதப் படிப்பை அவனிடம் கொட்டினேன். ஈஃபெல் பெயரைக் கேட்டதும், "அந்தக் கோபுரத்து ஈஃபெலா?" என்றான். ஓத்தேய்க்குப் போய் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன் கைப்பிடியை இங்கேயே விட்டுப் போயிருந்தான். அவன் சொல்லச் சொல்ல, நானும் அதைச் சொருகி டீப் ஸ்டாலில் விழுந்து பார்த்தேன். முதல் மூன்று தடவை தாளம் தப்பித் தரையில் மோதினேன். நான்காம் தடவை மூக்கு தாழ்ந்தது, வேக முள் மெல்ல ஏறத் தொடங்கியது. "விடுங்க தாத்தா, இனிமே ஆட்டாதீங்க, அதுவே போகும்" என்று அங்கிருந்து கத்தினான். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, எழுபத்தைந்து வயதில் என்ன விளையாட்டு என்று கேட்டாள்.